சூளை தெரியும் இடத்தில் நிற்கும் கருவிகள்

சேலம் வட்டாரத்தில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கல் (மேக்னசைட்) ஆலையில், படுத்தபடி சுழலும் நீண்ட உருளையான சுழல் சூளைக்குப் பக்கத்தில் ஓர் அழுத்த டிரான்ஸ்மிட்டர், அதாவது அழுத்தத்தை அளந்து கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும் கருவி, இருந்தது. கோடைக்காலத்தில் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் அதன் டிஸ்ப்ளே மை ஊற்றியதைப் போல முழுவதும் கறுத்துவிடும். கன்ட்ரோல் ரூமுக்கு அதன் அளவு வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் காலையில் இருந்த இடத்திலிருந்து மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். இரவு ஷிப்டில் போய்ப் பார்த்தால் டிஸ்ப்ளே தெளிந்திருக்கும், அளவும் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். மூன்று ஆண்டுகளில் அந்த ஒரே இடத்தில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை மாற்றினோம். இரண்டு முறையும் பதிவேட்டில் 'எலக்ட்ரானிக்ஸ் பழுது' என்று எழுதியவன் நான்தான். மூன்றாவதை மாட்டுவதற்கு முன்புதான், பழுதாவது ஏன் எப்போதும் இந்த ஒரு இடத்திலேயே நேர்கிறது என்று நின்று யோசித்தோம்.

முதலில் எனக்கு வெப்பத்தின் மீது சந்தேகம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கருவியின் விவரக் குறிப்பில் சுற்றுப்புற வெப்பநிலை 85 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தது. டிஸ்ப்ளே உள்ள மாடலுக்கு 80 டிகிரி. நான் ஒரு தெர்மாமீட்டரைச் சூளை மேடையில் நிழலில் தொங்கவிட்டுப் பார்த்தேன், 44 டிகிரி காட்டியது. சேலத்துச் சித்திரை வெயிலில் வெளியே நாற்பது இருக்கும்போது சூளை மேடையில் நாற்பத்து நான்கு என்பது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் பிரிவில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். அவர் என்னை அந்த டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் நிறுத்தினார். "தம்பி, புறங்கையைச் சூளைப் பக்கம் காட்டுங்க" என்றார். காட்டினேன். சில விநாடிகளில் தோல் சுள்ளென்று எரியத் தொடங்கியது. அவர் தன் கையில் இருந்த பதிவேட்டு அட்டையை என் கைக்கும் சூளைக்கும் நடுவில் நீட்டினார். எரிச்சல் அந்தக் கணமே நின்றது. அட்டையை எடுத்தார், உடனே மறுபடியும் எரிந்தது. "காத்து அதே காத்துதானுங்களே, அட்டையை வெச்சா மட்டும் ஏன் சூடு நிக்குது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஏற்காட்டில் மார்கழி மாதத்துப் பனிமூட்டத்தில் எஸ்டேட் ஓரமாகச் சருகும் விறகும் கூட்டித் தீ மூட்டிக் குளிர்காய்ந்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். முகமும் நெஞ்சும் காயும், முதுகு விறைத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் இருக்கும் காற்று குளிர்ந்ததுதான். தீ அந்தக் காற்றைச் சூடாக்கி நம்மிடம் அனுப்பவில்லை. தீயிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் ஒளியைப் போலவே நேர்கோட்டில் வந்து நம் மேல் விழுகின்றன. நடுவில் ஒருவர் வந்து நின்றால் அவருடைய நிழல் நம் மேல் விழும், அந்த நிழலில் சூடு இருக்காது. சூளைக்கு எதிரே நிற்கும் கருவிக்கும் இதே நிலைதான். தெர்மாமீட்டரை நிழலில் தொங்கவிட்டுக் காற்றின் சூட்டை அளந்த நான், கருவி நிழலில் இல்லை என்பதைக் கவனிக்கத் தவறியிருந்தேன்.

மறுநாள் ஒரு மெல்லிய தெர்மோகப்புளை (வெப்பநிலையை அளக்கும் இரு உலோகக் கம்பி இணை) டிரான்ஸ்மிட்டரின் உலோக உறையோடு ஒட்டி, அதன் மேல் சிறு துண்டு அலுமினியத் தாளைப் போர்த்திக் கட்டினோம். பிற்பகல் இரண்டரை மணிக்கு அது 81 டிகிரி காட்டியது. காற்றுக்கும் கருவியின் உடம்புக்கும் நடுவே 37 டிகிரி வேறுபாடு.

இந்த 37 டிகிரி எங்கிருந்து வந்தது என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட முடியும் என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். ஒரு பரப்பு வீசும் கதிர்வீச்சு அதன் தனி வெப்பநிலையின் (மைனஸ் 273 டிகிரியைச் சுழியாக வைத்து எண்ணுவது) நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஜோசப் ஸ்டெபான் 1879-இல் சோதனை அளவுகளிலிருந்து கண்டறிந்தார். 1884-இல் லுட்விக் போல்ட்ஸ்மான் அதைக் கோட்பாட்டு வழியில் நிறுவினார். வெள்ளைக்கல்லை முழுவதுமாகச் சுட்டெடுக்கும் சூளையின் உள்ளே 1,600 டிகிரிக்கு மேல் இருந்தாலும், உள்ளே அடுக்கியிருக்கும் தீச்செங்கற்கள் அதைத் தடுத்துவிடுவதால், வெளியே தெரியும் இரும்பு ஓடு ஏறத்தாழ 300 டிகிரியில் இருக்கும். துருவேறிய இரும்பின் உமிழ்திறன், அதாவது கதிரை வீசும் திறன், உச்ச அளவான 1-க்கு 0.85 என்று வைத்துக்கொண்டால், 300 டிகிரியில் அந்த ஓட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 5,200 வாட் வெப்பத்தை வெளியே வீசுகிறது. எங்கள் சூளை மூன்று மீட்டர் விட்டம் கொண்டது. டிரான்ஸ்மிட்டர் ஓட்டிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தது. நீண்ட உருளையை எதிர்கொண்டு நிற்கும் ஒரு சிறு பரப்புக்கு, உருளையின் ஆரத்தை அதன் அச்சிலிருந்து உள்ள தூரத்தால் வகுத்தால் எவ்வளவு பங்கு வந்து சேரும் என்பது கிடைக்கும். ஒன்றரையை நான்கால் வகுக்க 0.375. ஆகவே கருவியின் முகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,950 வாட் விழுகிறது. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். அதாவது, கூரைக்குக் கீழே பத்திரமாக நிழலில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த கருவி, இரவும் பகலும் இரண்டு உச்சி வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

விழும் கதிர்வீச்சில் பத்தில் ஒன்பது பங்கைப் பெயிண்ட் அடித்த உறை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதைக் கருவி தன் நாலாபுறத்துப் பரப்பின் வழியாகவும் காற்றுக்கும் சுற்றுப்புறத்துக்கும் விட்டுத்தான் தீர வேண்டும். அதற்குக் காற்றைவிட அது சுமார் 40 டிகிரி கூடுதலாகச் சூடேற வேண்டும். நாங்கள் அளந்தது 37. இரவில் காற்று 28 டிகிரிக்கு இறங்கும்போது கருவியும் அறுபதுகளின் நடுவுக்கு வந்துவிடும், டிஸ்ப்ளே தெளிந்துவிடும். மூன்று ஆண்டுகளாக எங்களை அலைக்கழித்த புதிர் முழுவதும் இந்தச் சில வரிகளில் அடங்கியிருந்தது.

டிஸ்ப்ளேயின் வரம்பு 80, அது கறுத்தது சரி; மற்ற பாகங்களின் வரம்பு 85 என்றால் 81-இல் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மின்னணுப் பலகையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பநிலை ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் விதி. வரம்புக்குள் இருப்பது வேறு, நெடுநாள் உழைப்பது வேறு. மூடியை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் இறுகி வெடிக்கின்றன, கேபிள் நுழையும் வாயை அடைக்கும் கிளாண்டின் ரப்பர் தன் பிடியை இழக்கிறது, அந்த இடைவெளி வழியே மழைக்காலத்தில் ஈரம் உள்ளே போகிறது. கோடையில் தொடங்கிய கேடு ஐப்பசி மழையில் வெளிப்படும்போது, அதற்குக் காரணம் சூடு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

காரணம் தெரிந்த பிறகு நான் செய்த முதல் வேலை தவறாகப் போனது. கருவியைச் சுற்றித் தகரப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே கிளாஸ் வுல் திணித்து, எல்லாப் பக்கமும் மூடினேன். பார்க்க மிகவும் பாதுகாப்பாக இருந்தது. நான்காம் நாள் உள்ளே 86 டிகிரி. வெப்பக் காப்பு என்பது வெப்பம் கடந்து போவதைத் தாமதப்படுத்துமே தவிர, இரவும் பகலும் ஓயாமல் எரியும் ஒரு சூளைக்கு எதிரே அதை முற்றாக நிறுத்திவிடாது. பெட்டியின் முகப்புத் தகரம் பழையபடி கதிரை வாங்கிக்கொண்டிருந்தது. அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் இம்பல்ஸ் குழாய் வழியாகவும் பிராக்கெட் வழியாகவும் சூடு உள்ளே வந்துகொண்டிருந்தது. கருவி தன் சொந்த வெப்பத்தையும் வெளியே விட வழியில்லை. முன்பு அதைக் குளிர்வித்துக்கொண்டிருந்த காற்றையும் நான் அடைத்துவிட்டிருந்தேன். வெளியே போக வழி இல்லாத பெட்டி மெல்ல மெல்ல அடுப்பாகிறது. இந்தத் தவறை வேறு ஆலைகளிலும் பிறகு பார்த்திருக்கிறேன். செய்தவர்கள் எல்லோருமே என்னைப் போல நல்ல எண்ணத்தில் செய்தவர்கள் என்பதால்தான் இதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த மூத்தவர் காட்டிய அட்டையையே தகட்டில் செய்தோம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு, கருவியைவிட நாற்புறமும் ஒரு சாண் பெரிதாக. அதைக் கருவியோடு ஒட்டாமல், நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு, தரையில் ஊன்றிய தனித் தாங்கியில் நிறுத்தினோம். மேலும் கீழும் பக்கங்களும் திறந்தபடியே விட்டோம். தகடு சூடேறும்போது அதன் பின்னால் இருக்கும் காற்று புகைபோக்கியில் போவதைப் போல மேலே எழும்பும், கீழிருந்து புதிய காற்று வரும். முதல் நாளே உறையின் வெப்பநிலை 53-க்கு இறங்கியது. அந்த மூன்றாவது டிரான்ஸ்மிட்டர் நான் அந்த ஆலையை விட்டு வரும்வரை மாற்றப்படவில்லை.

தகடு இதைச் செய்வதற்குக் காரணம் அதன் பளபளப்பு. மெருகேறிய அலுமினியத்தின் உமிழ்திறன் 0.05 அளவில்தான் இருக்கும். விழும் கதிரில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், தான் ஏற்றுக்கொண்ட சிறு பங்கையும் பின்பக்கமாக மிகக் குறைவாகவே வீசும். 0.8 உமிழ்திறன் கொண்ட இரண்டு இணையான பரப்புகளுக்கு நடுவே இப்படி ஒரு தகட்டைச் செருகினால், கடந்து போகும் கதிர்வீச்சு நூற்றுக்கு நான்கு பங்குக்கும் கீழே இறங்கும். அதே தகடு மங்கி 0.3 ஆகிவிட்டால் 21 பங்கு கடக்கும். தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து 0.6 ஆகிவிட்டால் 39 பங்கு. நம் தளத்தின் வடிவம் இணைத் தகடுகளைப் போல இருக்காது; ஆனாலும் இந்த விகிதம் நமக்குச் சொல்வது தெளிவாக இருக்கிறது. தகடு அதே தகடு, அதே இடம், அதே கனம். துடைக்காமல் விட்டதால் மட்டும் அதைக் கடந்து வரும் சூடு பத்து மடங்கு கூடுகிறது.

வெள்ளைக்கல் ஆலைகளில் தூசுக்குப் பஞ்சமே இல்லை. சேலத்தில் வெள்ளைக்கல் எடுக்கும் மாமாங்கம் பக்கம் போனவர்களுக்குச் சாலையோரத்துச் செடிகள் வெளுத்துக் கிடப்பது நினைவிருக்கும். எங்கள் தகட்டில் இரண்டு வாரத்தில் விரலால் பெயர் எழுதலாம் என்ற அளவுக்குப் படிந்துவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை ஈரத்துணியால் துடைப்பதைப் பராமரிப்புப் பட்டியலிலேயே சேர்த்தோம். துடைத்த நாளையும் துடைத்தவரின் கையெழுத்தையும் தகட்டின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் பராமரிப்பு அட்டவணை வைத்திருக்கிறோம், ஒரு தகட்டுக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். தகடும் ஓர் உறுப்புதான். அதன் வேலை அதன் முகப்பரப்பில் நடக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் வீடு குளிர்கிறது, ஆகவே கருவிக்கும் அதன் முன் நிற்கும் தகட்டுக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை ஒட்டிய குறுகிய அகச்சிவப்பும்தான்; வெள்ளை நிறம் அவற்றைத் திருப்பி அனுப்பும். 300 டிகிரி ஓட்டிலிருந்து வருவதோ நீண்ட அலை அகச்சிவப்பு. அந்த அலைநீளத்தில் வெள்ளைப் பெயிண்டும் கறுப்புப் பெயிண்டும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டுக்கும் உமிழ்திறன் 0.9 அளவில் இருக்கும். பளபளப்பான அலுமினியத் தகட்டின் மேல் வெள்ளை அடிப்பவர், தகட்டிடமிருந்து அதன் பயனில் பெரும்பகுதியைப் பறித்துவிடுகிறார். சூரியனுக்கு வெள்ளை, சூளைக்கு மெருகேறிய உலோகம் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

வெயிலுக்கான வடிவத்தை அறிய விரும்புபவர்கள் வானிலை நிலையங்களில் இருக்கும் வெள்ளை மரக்கூண்டைப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1864-இல் முன்வைத்த வடிவம் அது. இரட்டைச் சுவர், சாய்வான சட்டங்கள், உள்ளே தாராளமான காற்றோட்டம். வெப்பநிலைமானி காற்றைத் தொட வேண்டும், ஆனால் சூரியனையோ சூடேறிய தரையையோ பார்க்கக் கூடாது என்பதற்காகச் செய்தது. வெட்டவெளியில் தொட்டிகளின் மேல் நிற்கும் நம் கருவிகளுக்கு நாம் மாட்டும் வெயில் மறைப்புகளும் இந்தக் கூண்டின் உறவினர்கள்தான்.

தெர்மோகப்புளில் கேடு வேறு விதமாக வருகிறது, அது மிகவும் வஞ்சகமானது என்பேன். அளக்கும் முனை சூளைக்குள் சரியாக இருக்கும். இணைப்புத் தலையோ சுவரை ஒட்டி, கதிர்வீச்சு நேராக விழும் இடத்தில் இருக்கும். உயர்ந்த வெப்பநிலைக்கான பிளாட்டினம் வகைத் தெர்மோகப்புள்களில், விலை கருதி, தலையிலிருந்து செம்பும் செம்பு உலோகக் கலவையும் கொண்ட ஈடுசெய்யும் கேபிளை இழுக்கிறோம். இந்தக் கேபிள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை எல்லைக்குள்தான் தெர்மோகப்புளைப் போலவே நடந்துகொள்ளும். தலை அந்த எல்லையைத் தாண்டிச் சூடேறினால் அளவில் பிழை நுழைகிறது. அதைவிட மோசமானது, தலையின் ஒரு பக்கம் மட்டும் சூளையைப் பார்த்து இரண்டு டெர்மினல்களும் வெவ்வேறு வெப்பநிலையில் நிற்பது. எதுவும் கருகவில்லை, எதுவும் அறுபடவில்லை, அலாரமும் இல்லை. எண் மட்டும் தவறாக இருக்கும். தலைக்கும் சுவருக்கும் நடுவே நீட்டிப்புக் குழாய் போட்டுத் தள்ளி வைப்பதும், கழுத்தில் ஒரு வட்டத் தகடு செருகுவதும் இதற்குப் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு நாள் வேலைகூட இல்லை.

கேபிள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண பிவிசி 70 டிகிரி வரை, சிலிக்கோன் ரப்பர் 180 வரை, டெஃப்லான் 260 வரை தாங்கும். ஆனாலும் விலையுயர்ந்த கேபிள் வாங்குவதற்கு முன் கேபிள் போகும் பாதையைத் தூணுக்குப் பின்னால் மாற்ற முடியுமா என்று பாருங்கள். கான்கிரீட் தூணைவிடச் சிறந்த மறைப்பு கிடையாது. டிரான்ஸ்மிட்டருக்கும் இதுவே பொருந்தும்: இம்பல்ஸ் குழாயை இரண்டு மீட்டர் நீட்டித் தூணுக்குப் பின்னால் கொண்டுபோக முடிந்தால் தகடே தேவையில்லை. நான் புதிதாக ஓர் ஆலைக்குள் நுழையும்போது செய்வது, ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் அதன் உயரத்தில் என் முகத்தை வைத்துப் பார்ப்பதுதான். அங்கிருந்து எனக்குச் சூளையோ உலை வாயோ தெரிந்தால், கருவிக்கும் அது தெரியும்.

உருகிய உலோகமோ திறந்த உலை வாயோ எதிரே இருந்தால் அலுமினியம் போதாது. அது 660 டிகிரியில் உருகிவிடும். அங்கே துருப்பிடிக்காத எஃகில் இரட்டைத் தகடும், நடுவில் செராமிக் பஞ்சும் வேண்டும். அதற்கும் மேலே போனால் நீர் ஓடும் உறை, காற்று வீசும் உறை, அழுத்தக் காற்றைச் சுழலவிட்டுக் குளிர்காற்றைப் பிரித்தெடுக்கும் வோர்ட்டெக்ஸ் குழாய் என்று பல உண்டு. இவை தேவைப்படும் இடங்களும் உண்டு. ஆனால் தகடு போதுமான இடத்தில் இவற்றை மாட்டுவதை நான் ஏற்க மாட்டேன். வோர்ட்டெக்ஸ் குழாய் காற்றை வாரி விழுங்கும். கம்ப்ரஸர் நின்றால் அதுவும் நின்றுவிடும். சூளை மட்டும் நிற்காது.

ஒரு வைகாசி இரவில் எங்கள் ஆலையில் மின்சாரம் போனது. கம்ப்ரஸர் நின்றது, ஓட்டைக் குளிர்விக்கும் விசிறிகள் எல்லாம் நின்றன. சூளையின் ஓடு கோணிவிடாமல் இருக்க டீசல் எஞ்சினால் அதை மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தார்கள். விசிறிக் காற்று இல்லாததால் ஓட்டின் சூடு வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போனது. காற்றுக் குளிர்ச்சியை நம்பி மேடையின் மறுகோடியில் நின்ற பொசிஷனர் (வால்வின் திறப்பைச் சரிசெய்யும் கருவி) ஒன்று ஒரு மணி நேரத்தில் பதில் சொல்வதை நிறுத்தியது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரிடம் போனேன். தகட்டுக்குப் பின்னால் கையை விட்டு உறையைத் தொட்டேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மின்கலத்தில் ஓடிய அதன் டிஸ்ப்ளேயில், சூளையின் இழுவை (வாயுவை உள்ளிழுக்கும் அழுத்த வேறுபாடு) எவ்வளவு என்பதை அந்த இருட்டில் என்னால் படிக்க முடிந்தது. அதைத்தான் சூளை உருட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மின்சாரம் வரும்வரை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.